ப்ளூஸ் பாடகியரின் மேடை

ப்ளூஸ் என்றதும் பலர் மனத்தில் எழும் உருவம், மிசிசிப்பி மாநிலத்தின் பருத்திக்காட்டு ஓரத்தில் தனியாக உட்கார்ந்து கிதார் வாசிக்கும் ஓர் ஆண். இந்த உருவத்தைப் பெரிதும் வளர்த்தவர்கள் 1960களில் பழைய இசைத்தட்டுகளைத் தேடிச் சேகரித்த ரசிகர்கள். வரலாறு வேறு வரிசையில் நடந்தது. கறுப்பினப் பாடகி ஒருவர் பாடி ப்ளூஸ் என்ற பெயரில் வெளிவந்து பெருவெற்றி கண்ட முதல் இசைத்தட்டு, மேமி ஸ்மித் 1920 ஆகஸ்ட் 10 அன்று நியூயார்க்கில் பதிவுசெய்த ‘கிரேஸி ப்ளூஸ்’. கிதாரோடு தனியே பாடிய ஆண்களில் முதலில் நன்றாக விற்ற பிளைண்ட் லெமன் ஜெஃபர்சனின் தட்டுகள் கடைக்கு வந்தது 1926இல். இடைப்பட்ட ஆண்டுகளில் ப்ளூஸ் என்றால் பெண் குரல்தான். அந்தக் குரல்களில் பெரும்பாலானவை ஒலிப்பதிவு அறைக்கு வருமுன்பே கூடாரங்களிலும் கொட்டகைகளிலும் பாடிப் பழுத்தவை. ஆகவே இந்தப் பெண்களின் கலையை முதலில் மேடைக்கலையாகவே பார்க்க வேண்டும். பின்னாளில் அவர்களுக்காக நடத்தப்பட்ட கச்சேரிகளையும் நாடகங்களையும் அந்த அளவுகோலால்தான் எடைபோட முடியும்.

பாட்டின் அமைப்பே மேடையை நம்பி உருவானது. ப்ளூஸின் பொதுவான வடிவத்தில் மூன்று அடிகள். அவை பன்னிரண்டு தாளக்கட்டுகளில் அடங்கும். முதல் அடி ஒருமுறை வரும், அதுவே சிறு மாற்றத்தோடு மறுபடி வரும், மூன்றாவது அடி அதற்கு விடை சொல்லும். ஒவ்வோர் அடியும் தனக்குரிய நேரத்தின் நடுவிலேயே முடிந்துவிடும். மிச்ச இடத்தில் கார்னெட் என்ற ஊதுகருவியோ பியானோவோ பதில் வாசிக்கும். கூட்டத்திலிருந்தும் குரல் எழும். அடி திரும்ப வருவதால் பாடகிக்கு அடுத்த வரியைக் கட்ட அவகாசம் கிடைக்கிறது, கேட்பவருக்கோ அந்த அடியில் தன் கதையை ஏற்றிப் பார்க்க நேரம் கிடைக்கிறது. கூட்டம் விரும்பினால் பாட்டு நீளும். பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கமோ மூன்று நிமிடத்துக்குச் சற்று மேல்தான் தாங்கும். இன்று கைக்குக் கிடைத்திருப்பது அந்த மூன்று நிமிடங்களே.

‘ப்ளூஸின் தாய்’ என்று விளம்பரப்படுத்தப்பட்ட மா ரெய்னியின் இயற்பெயர் கெர்ட்ரூட் பிரிட்ஜெட். ஜார்ஜியா மாநிலத்தின் கொலம்பஸ் நகரம் தன் சொந்த ஊர் என்று அவர் சொல்லிவந்தார். 1904இல் வில் ரெய்னி என்ற மேடைக் கலைஞரை மணந்து, அவரோடு கூடார நிகழ்ச்சிக் குழுக்களில் ஊர் ஊராகப் போனார். ப்ளூஸ் தன்னிடம் எப்படி வந்தது என்பதைப் பின்னாளில் இசை ஆய்வாளர் ஜான் வொர்க்கிடம் அவர் சொல்லியிருக்கிறார். 1902இல் மிசௌரியின் சிற்றூர் ஒன்றில் கூடாரம் போட்டிருந்தபோது, தன்னை விட்டுப்போன ஒருவனைப் பற்றி ஓர் இளம்பெண் பாடியதைக் கேட்டாராம். அதைக் கற்றுக்கொண்டு தன் நிகழ்ச்சியின் கடைசியில் பாடியபோது கூட்டம் அதையே மறுபடி கேட்டதாம். இந்தக் கதையை அப்படியே ஏற்பது கடினம். ஆண்டு அவருக்குச் சாதகமாக அமைந்திருக்கிறது. ஆனால் அதில் ஒரு செய்தி உறுதியாகத் தெரிகிறது. தன் கலைக்கு ஊற்று இன்னொரு பெண்ணின் பாட்டு என்றும், அதற்கு மதிப்பிட்டது கூட்டம் என்றும் அவரே கருதினார்.

ரெய்னி முதன்முதலில் பதிவுசெய்தது 1923 டிசம்பரில். அதற்குள் மேடையில் ஏறத்தாழ இருபது ஆண்டு கழிந்திருந்தது. பாரமவுண்ட் நிறுவனத்துக்காக அவர் பாடிய தட்டுகள் தரமற்ற ஒலிப்பதிவுக்குப் பெயர்போனவை. கீறலும் இரைச்சலும் கலந்த அந்தக் குரலை வைத்து அவரை எடைபோடுபவர் பாதியைத்தான் கேட்கிறார். மீதியைச் சொல்லியிருப்பவர் 1924 முதல் அவருக்குப் பியானோ வாசித்துக் குழுவை நடத்திய தாமஸ் டோர்சி. இவர் பின்னாளில் கோஸ்பல் என்ற கிறித்தவ பக்தி இசையின் தந்தை என்று புகழப்பட்டவர். மேடையில் ஆளுயரத்துக்கும் மேலான கிராமபோன் பெட்டி ஒன்று நிற்கும். நடனப் பெண் ஒருத்தி வந்து அதில் பெரிய தட்டு ஒன்றை வைப்பாள். பெட்டிக்குள்ளிருந்து ரெய்னியின் குரல் எழும். சற்றுப் பாடிய பிறகு கதவைத் திறந்துகொண்டு, கழுத்தில் பொற்காசு மாலையும் மின்னும் உடையுமாக அவர் வெளியே வருவார். கொட்டகை அதிரும். இசைத்தட்டால் புகழ்பெற்ற ஒருவர், தட்டிலிருந்து இறங்கி ஆளாக வந்து நிற்பதையே காட்சியாக்கிய இந்த உத்திக்கு ஈடான விளம்பரத்தை எந்த நிறுவனமும் அவருக்குச் செய்து தரவில்லை.

இந்த மேடைகளை இணைத்த வலைப்பின்னல் 1920இல் டென்னசி மாநிலத்தின் சட்டனூகாவில் அமைந்தது. தியேட்டர் உரிமையாளர் முன்பதிவுச் சங்கம் என்பது அதன் பெயர். டோபா என்று சுருக்கி அழைத்தார்கள். கறுப்பின ரசிகர்களுக்கான கொட்டகைகள் அதில் சேர்ந்தன. அட்லாண்டாவின் 81 தியேட்டர், நாஷ்வில்லின் பைஜோ, சிகாகோவின் மோனோகிராம், நியூ ஆர்லியன்ஸின் லிரிக் ஆகியவை கலைஞர்கள் அடிக்கடி பாடிய இடங்கள். ஒரே ஒப்பந்தத்தில் வாரக்கணக்கில் அடுத்தடுத்த ஊர்களில் வேலை கிடைத்தது. ஆனால் பயணச் செலவு பெரும்பாலும் கலைஞர் தலையில். ஒரு நாளைக்கு மூன்று நான்கு காட்சிகள். உடைமாற்ற அறை என்று சொல்லத்தக்க அறை பல கொட்டகைகளில் கிடையாது. சங்கத்தின் பெயரெழுத்துகளுக்குக் கறுப்பினக் கலைஞர்கள் தாங்களே வசைச்சொல் ஒன்றை விரிவாக்கமாகக் கட்டி வழங்கியதிலிருந்து அவர்கள் பட்ட பாட்டை ஊகிக்கலாம். மேடையின் கீழே நடந்ததும் கவனிக்கத்தக்கது. மோனோகிராமின் இசைக்குழுவை நெடுங்காலம் நடத்தியவர் லவி ஆஸ்டின் என்ற பெண். சிறுமியாக இருந்தபோது அவரைப் பார்த்த மேரி லூ வில்லியம்ஸ், வாயில் சிகரெட்டோடு ஒரு கையால் பியானோ வாசித்துக்கொண்டே மறுகையால் அடுத்த நிகழ்ச்சிக்கு இசைக்குறிப்பு எழுதிய அந்தக் காட்சிதான் தன்னையும் இசைக்கு இழுத்தது என்று நினைவுகூர்ந்திருக்கிறார். ஜாஸ் வரலாற்றின் பெரிய இசையமைப்பாளர்களில் வில்லியம்ஸ் ஒருவர்.

லவி ஆஸ்டினும் பாடகி ஆல்பர்ட்டா ஹன்ட்டரும் சேர்ந்து உருவாக்கிய ‘டவுன்ஹார்ட்டட் ப்ளூஸ்’ பாடலைத்தான் 1923இல் பெஸ்ஸி ஸ்மித் கொலம்பியா நிறுவனத்துக்குத் தன் முதல் தட்டாகப் பாடினார். அது லட்சக்கணக்கில் விற்றது. சட்டனூகாவில் பிறந்து, பெற்றோரை இழந்து, தெருவில் அண்ணன் கிதார் வாசிக்கத் தான் பாடிக் காசு சேர்த்த பெஸ்ஸி, 1912இல் ரெய்னி பாடிக்கொண்டிருந்த குழுவில் சேர்ந்தார். ஒலிபெருக்கி இல்லாத அக்காலத்தில் பெரிய கூடாரத்தின் கடைசி வரிசைவரை அவர் குரல் எட்டியது. 1925இல் தன் குழுவுக்கென்றே ஒரு ரயில் பெட்டி வாங்கினார். அதை ஆடம்பரம் என்று சொல்லிவிட முடியாது. தென்மாநிலங்களின் நிறவெறிச் சட்டங்களால் கறுப்பினத்தவருக்குத் தங்கும் விடுதியோ உணவகமோ கிடைப்பது அரிது. பெட்டி இருந்தால் உறங்க இடம் உண்டு, சமைக்க இடம் உண்டு, கூடாரத்தையும் அதிலேயே ஏற்றிவிடலாம். 1927இல் வட கரோலினாவின் கான்கார்டில் கு க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறிக் கும்பல் கூடாரத்தின் முளைகளைப் பிடுங்க வந்தபோது, பெஸ்ஸி நேரே போய் நின்று திட்டி விரட்டினார் என்று குழுவிலிருந்தவர்கள் சொன்னதை அவருடைய வரலாற்றை எழுதிய கிறிஸ் ஆல்பர்ட்சன் பதிவுசெய்திருக்கிறார்.

கூட்டம் கேட்டதால் பாட்டு பிறந்ததற்கு ‘பேக்வாட்டர் ப்ளூஸ்’ நல்ல எடுத்துக்காட்டு. 1926ஆம் ஆண்டு கடைசியில் கம்பர்லாந்து ஆறு பெருக்கெடுத்து நாஷ்வில் பகுதியை மூழ்கடித்தது. வெள்ளம் சூழ்ந்த ஊர் ஒன்றில் பெஸ்ஸி நிகழ்ச்சிக்குப் போனபோது, வெள்ளத்தைப் பற்றிப் பாடு என்று மக்கள் கேட்டார்கள். அப்படியொரு பாட்டு அப்போது அவரிடம் இல்லை. வீடு திரும்பிய பிறகு தாளும் பென்சிலுமாக உட்கார்ந்து எழுதினார் என்று அவருடைய அண்ணன் மனைவி மாட் ஸ்மித் சொல்லியிருக்கிறார். 1927 பிப்ரவரி 17 அன்று ஜேம்ஸ் பி. ஜான்சனின் பியானோவோடு அது பதிவானது. இரண்டு மாதம் கழித்து மிசிசிப்பி ஆற்றின் கரைகள் உடைந்து லட்சக்கணக்கானோர் வீடிழந்தபோது, அந்தப் பெருவெள்ளத்தின் பாட்டாகவே மக்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இன்றும் பலர் அப்படித்தான் நம்புகிறார்கள்.

பெஸ்ஸி தாமே எழுதிய பாடல்கள் பல. ரெய்னி பதிவுசெய்தவற்றிலும் கணிசமானவை அவரே எழுதியவை. விட்டுப்போன காதலன், அடிக்கும் கணவன், சிறை, வறுமை, பயணம், மது, பெண்ணுக்குப் பெண் மீதான விருப்பம் என்று அவற்றின் பொருள் விரிகிறது. ரெய்னியின் 1928ஆம் ஆண்டுப் பாடல் ‘ப்ரூவ் இட் ஆன் மீ ப்ளூஸ்’ இந்தக் கடைசிப் பொருளை ஒளிவுமறைவின்றிப் பேசியது. கறுப்பினப் பெண்ணிய அறிஞர் ஏஞ்சலா டேவிஸ் 1998இல் வெளியிட்ட நூலில் இவ்விருவரின் பாடல்களையும் கேட்டெழுதித் தொகுத்து, குடும்ப வாழ்வின் மகிழ்ச்சியும் தாய்மையும் இவற்றில் ஏறத்தாழ இல்லை என்பதைச் சுட்டினார். அடிமைமுறை ஒழிந்த பிறகு கறுப்பின மக்களுக்குக் கைகூடிய சில உரிமைகளில், விரும்பிய இடத்துக்குப் போவதும் விரும்பியவரை நேசிப்பதும் முக்கியமானவை; பாடல்கள் அவற்றையே திரும்பத் திரும்பப் பாடுகின்றன என்பது அவர் வாதம். அச்சில் வராத, பள்ளியில் கற்பிக்கப்படாத இந்தக் கருத்துகள் வாரந்தோறும் ஆயிரக்கணக்கானோர் முன் பாடப்பட்டன என்பதை எண்ணிப் பார்த்தால் மேடையின் வலிமை விளங்கும்.

பணம் எங்கே போனது என்பதையும் சொல்லியாக வேண்டும். கொலம்பியா பெஸ்ஸிக்குத் தொடக்கத்தில் ஒரு பாடலுக்கு 125 டாலர் கொடுத்தது. விற்பனையில் பங்கு, அதாவது ராயல்டி, கிடையாது. அதே ஆண்டுகளில் மேடையில் அவர் வாரத்துக்கு 2,000 டாலர் வரை வாங்கினார். இசைத்தட்டு அவருக்கு விளம்பரம், கூடாரமே வருமானம். பாடலுக்கான உரிமை பெரும்பாலும் பதிப்பாளர் கையிலோ, இடைநின்ற ஆண் தரகர் கையிலோ போய்ச் சேர்ந்தது. இந்த ஏற்பாடு அடுத்த தலைமுறையிலும் மாறவில்லை. பாடகி பிக் மாமா தார்ன்ட்டன் 1952இல் பாடிய ‘ஹவுண்ட் டாக்’ அடுத்த ஆண்டு ஏழு வாரம் ரிதம் அண்ட் ப்ளூஸ் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. தனக்குக் கிடைத்தது 500 டாலர் காசோலை ஒன்றுதான் என்று அவர் சொல்லிவந்தார். அவரே எழுதிய ‘பால் அண்ட் செயின்’ பாடலை 1967இல் மாண்டரே இசை விழாவில் ராக் பாடகி ஜானிஸ் ஜாப்ளின் பாடி உலகப்புகழ் பெற்றார். பாட்டின் பதிப்புரிமை அப்போது தார்ன்ட்டனிடம் இல்லை.

பேசும் படம், வானொலி, 1929இன் பொருளாதாரச் சரிவு மூன்றும் சேர்ந்து டோபாவை முடித்துவைத்தன. ரெய்னி 1935இல் மேடையை விட்டு ஜார்ஜியாவுக்குத் திரும்பி இரண்டு தியேட்டர்களை நடத்தினார்; 1939இல் இறந்தபோது இறப்புச் சான்றிதழ் அவரது தொழிலை வீட்டுவேலை என்று குறித்தது. மின்கிதாருக்கு மாறி சிகாகோவில் நிலைத்த பாடகி மெம்ஃபிஸ் மின்னி போன்றவர்கள் மட்டும் தொடர்ந்து பாடினார்கள். 1942ஆம் ஆண்டு கடைசி இரவில் ஒரு மதுக்கூடத்தில், குளிர்பெட்டியின் மேல் ஏறி உட்கார்ந்து மின்னி வாசித்ததைக் கவிஞர் லாங்ஸ்டன் ஹியூஸ் சிகாகோ டிஃபெண்டர் இதழில் எழுதினார். ஆலை இயந்திரங்களின் சத்தத்தை அந்தக் கிதாரில் கேட்ட ஹியூஸ், கல்லாவில் காசு எண்ணிக்கொண்டிருந்த, கறுப்பினத்தவர் அல்லாத உரிமையாளர்களின் சிரிக்காத முகங்களையும் விடாமல் குறித்துவைத்தார். மேடை விமர்சனமாக அது இன்றும் ஒரு பாடம்.

பெஸ்ஸி ஸ்மித் 1937 செப்டம்பர் 26 அன்று மிசிசிப்பியில் கார் விபத்தில் இறந்தார். அடுத்த ஆண்டு டிசம்பர் 23 அன்று நியூயார்க்கின் கார்னெகி அரங்கில் இசைத்தட்டுத் தயாரிப்பாளர் ஜான் ஹாமண்ட் நடத்திய ‘ஃப்ரம் ஸ்பிரிச்சுவல்ஸ் டு ஸ்விங்’ கச்சேரி பெஸ்ஸியின் நினைவுக்குக் காணிக்கையாக்கப்பட்டது. அவர் பாடல்களைப் பாடியவர் அவர் கணவர் வழி உறவினர் ரூபி ஸ்மித். பியானோ அதே ஜேம்ஸ் பி. ஜான்சன். மறு ஆண்டு அதே மேடைக்கு பெஸ்ஸியின் தலைமுறைப் பாடகி ஐடா காக்ஸ் வந்தார். வெள்ளையர் நிறைந்த பெரிய அரங்கில் இந்த இசைக்கு மரியாதை கிடைத்ததற்கு ஹாமண்டுக்கு நன்றி சொல்லலாம். ஆனால் வெள்ளையர் மருத்துவமனை சேர்க்க மறுத்ததால்தான் பெஸ்ஸி இறந்தார் என்ற வதந்தியை விசாரிக்காமல் அச்சேற்றியவரும் அவரே. பெஸ்ஸி நேரே கறுப்பினத்தவர் மருத்துவமனைக்குத்தான் கொண்டுசெல்லப்பட்டார் என்று பின்னர் தெரியவந்தது. நாடகாசிரியர் எட்வர்ட் ஆல்பீ அந்த வதந்தியை வைத்து எழுதிய நாடகம் 1960இல் மேற்கு பெர்லினில் அரங்கேறியது. பெஸ்ஸியின் பெயரைத் தலைப்பில் தாங்கிய அந்த நாடகத்தில் பெஸ்ஸி மேடைக்கு வருவதே இல்லை. நினைவைக் காக்கும் மேடை பொய்யையும் அதே உறுதியோடு காக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைக்காது. பென்சில்வேனியாவில் அவருடைய கல்லறைக்குக் கல் நட்டது 1970இல்; செலவை ஜானிஸ் ஜாப்ளினும், பெஸ்ஸியிடம் சிறுவயதில் வேலைபார்த்த வனீட்டா கிரீனும் ஏற்றார்கள்.

1960களில் ஐரோப்பா ப்ளூஸைத் தேடத் தொடங்கியது. ஜெர்மானியர்களான ஹார்ஸ்ட் லிப்மனும் ஃபிரிட்ஸ் ராவும் 1962 முதல் நடத்திய அமெரிக்கன் ஃபோக் ப்ளூஸ் ஃபெஸ்டிவல் நாடு நாடாகப் போனது. அதன் பட்டியலைப் பார்த்தால் ஒரு வழக்கம் தெரிகிறது: 1962இல் ஹெலன் ஹ்யூம்ஸ், 1963இல் விக்டோரியா ஸ்பைவி, 1965இல் பிக் மாமா தார்ன்ட்டன், 1966இல் சிப்பி வாலஸ், 1967இல் கோகோ டெய்லர். வரிசையாக ஆண்கள், நடுவே ஆண்டுக்கு ஒரு பெண். ஆண்கள் கண்டெடுக்கப்பட்ட மேதைகளாகவும் பெண் நிகழ்ச்சிக்கு நிறம் சேர்ப்பவராகவும் நின்றார்கள். இந்தக் குறையோடும் அந்தப் பயணம் ஒரு நல்ல விளைவைத் தந்தது. டெட்ராய்ட்டில் தேவாலய ஆர்கன் வாசித்துக்கொண்டிருந்த சிப்பி வாலஸ், 1966இல் கோபன்ஹேகனில் பதிவுசெய்த தட்டு போனி ரெய்ட் என்ற இளம்பெண் கையில் கிடைத்தது. ரெய்ட் 1971இல் தன் முதல் தொகுப்பில் வாலஸின் இரண்டு பாடல்களைப் பாடினார். அத்தோடு நிற்கவில்லை, ஆசிரியரையே மேடைக்கு அழைத்து வந்து பக்கத்தில் நிறுத்திப் பாடினார், ஆண்டுக்கணக்கில் பயணங்களில் உடன் சேர்த்துக்கொண்டார். 1982இல் வெளிவந்த வாலஸின் தொகுப்பு கிராமி விருதுப் பரிந்துரை பெற்றது. 1986இல், தன் 88ஆவது பிறந்தநாளில் இறக்கும்வரை அவர் பாடகியாகவே வாழ்ந்தார். பின்னர் மெம்ஃபிஸ் மின்னியின் கல்லறைக்குக் கல் நடச் செலவு கொடுத்தவரும் ரெய்ட்தான். நினைவு நிகழ்ச்சி எப்படி இருக்க வேண்டும் என்று கேட்பவருக்கு ரெய்ட் செய்ததைவிட நல்ல முன்மாதிரி ப்ளூஸ் வரலாற்றில் இல்லை.

ஆல்பர்ட்டா ஹன்ட்டரின் கதை இன்னும் விசித்திரமானது. 1928இல் லண்டனில் பாடகரும் நடிகருமான பால் ராப்சனோடு ‘ஷோ போட்’ நாடகத்தில் நடித்தவர், 1950களில் தாய் இறந்த பிறகு இசையை விட்டுவிட்டு, வயதைக் குறைத்துச் சொல்லிச் செவிலியர் பயிற்சியில் சேர்ந்தார். நியூயார்க்கின் மருத்துவமனை ஒன்றில் இருபது ஆண்டு வேலை. 1977இல், எழுபது வயது ஆகிவிட்டது என்று சொல்லி ஓய்வு கொடுத்தார்கள். உண்மையில் அவருக்கு 82. அதே ஆண்டு அக்டோபரில் கிரெனிச் வில்லேஜில் பார்னி ஜோசஃப்சன் நடத்திய ‘தி குக்கரி’ உணவகத்தில் பாடத் தொடங்கினார். சில வாரங்களுக்கென்று ஏற்பாடான அந்த நிகழ்ச்சி, 1984இல் அவர் இறந்த ஆண்டுவரை நீண்டது. இங்கே நினைவுகூரல் என்ற பேச்சுக்கே இடமில்லை. பெஸ்ஸிக்குப் புகழ் தந்த பாட்டை, அதை எழுதிய பெண் அரை நூற்றாண்டு கழித்துத் தன் வாயாலேயே, தன் நேரக்கணக்கில் பாடினார். ஒவ்வோர் இரவும் ஒவ்வொரு விதமாக.

பெண்களின் ப்ளூஸை ஒரு மரபாகத் திட்டமிட்டு மேடையேற்றியவர் ரொசெட்டா ரைட்ஸ். பெண்ணியவாதியான இவர் 1979இல் நண்பர்களிடம் கடன் வாங்கி ரொசெட்டா ரெக்கார்ட்ஸ் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மறக்கப்பட்ட பாடகியரின் தட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார். 1980இல் நியூயார்க்கில் நடந்த நியூபோர்ட் ஜாஸ் விழாவில் அவர் அமைத்த ‘தி ப்ளூஸ் இஸ் எ வுமன்’ கச்சேரியில் அடிலெய்ட் ஹால், பிக் மாமா தார்ன்ட்டன், கோகோ டெய்லர் போன்ற வெவ்வேறு தலைமுறையினர் ஒரே மேடையில் பாடினார்கள். ஆண்டுக்கு ஒரு பெண் என்ற ஐரோப்பிய வழக்கத்துக்கு அதைவிட நேரடியான மறுப்பு தேவையில்லை.

நாடக மேடையும் தன் பங்குக்குச் செய்தது. லிண்டா ஹாப்கின்ஸ் 1975இல் பிராட்வேயில் நடத்திய ‘மீ அண்ட் பெஸ்ஸி’ 450 காட்சிகளைத் தாண்டியது. தன்னை பெஸ்ஸி என்று காட்டிக்கொள்ளாமல், பெஸ்ஸியின் பாடல்களைத் தான் பாடுவதாகவே அவர் அமைத்தது சரியான முடிவு. ஆகஸ்ட் வில்சனின் ‘மா ரெய்னீஸ் பிளாக் பாட்டம்’ 1984இல் பிராட்வேக்கு வந்தது. 1927ஆம் ஆண்டு சிகாகோ ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் நடக்கும் கதை. ஒப்பந்தத்தில் கையெழுத்திடும்வரைதான் நிறுவனத்துக்குத் தன் குரல் வேண்டும் என்பதைத் தெளிவாக அறிந்த ரெய்னி அதன் மையம். வியோலா டேவிஸ் நடித்து 2020இல் படமானபோது பெரும்பாலான பாடல்களுக்கு மேக்ஸைன் லூயிஸ் குரல் கொடுத்தார். நடிப்பு போற்றப்பட்ட அளவுக்குக் குரலுக்குரியவர் பெயர் பேசப்படவில்லை. ரெய்னியைப் பற்றிய படத்திலேயே இப்படி நேர்ந்தது.

பழைய பாடல்களை அப்படியே பாடுவதைவிட, அந்த முறையில் புதிய பாடல் எழுதுவதே மரபைத் தொடர்வதாகும் என்று நிறுவிக்காட்டியது வர்ஜீனியாவில் 1984இல் உருவான சஃபையர் குழு. அதை அமைத்தவர்களில் கே அடெக்பலோலா பள்ளி ஆசிரியை. ஆன் ராப்சன் கணினித் துறையில் இருந்தவர். நடுத்தர வயதுப் பெண்ணின் ஆசையை நகைச்சுவையோடு சொல்லும் அடெக்பலோலாவின் பாடல் ஒன்று ஆண்டின் சிறந்த ப்ளூஸ் பாடலுக்கான விருது பெற்றது. 2009இல் குழு கலையும்வரை, ரெய்னியின் பாடல்களும் ஐடா காக்ஸின் பாடல்களும் இவர்களுடைய சொந்தப் பாடல்களோடு கலந்தே மேடையேறின.

அதே 2009ஆம் ஆண்டு மே 7 அன்று மெம்ஃபிஸில் நடந்த ப்ளூஸ் இசை விருது விழாவில் கோகோ டெய்லர் தன் கடைசி நிகழ்ச்சியைப் பாடினார். ஜூன் 3 அன்று இறந்தார். ப்ளூஸ் ஃபவுண்டேஷன் ஆண்டுதோறும் மரபுவழி ப்ளூஸ் பாடும் பெண் கலைஞருக்குக் கொடுக்கும் விருது இப்போது அவர் பெயரில் வழங்கப்படுகிறது.